யூனிட் 46 டாலர்: கம்யூனிட்டி காலேஜ் நர்ஸிங் உண்மையிலேயே மலிவா?

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகள் வெளியே வரும்வரை நிற்கிற அரைமணி நேரத்தில், வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். "அக்கா, நீங்க கம்யூனிட்டி காலேஜ்லதானே நர்ஸிங் படிச்சீங்க? மொத்தம் எவ்வளவு ஆச்சு?" கம்யூனிட்டி காலேஜ் என்றால் இரண்டு வருடப் பட்டம் தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி. நான் தொகையைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிடும். எனக்கு உறுத்துவது அந்த மலர்ச்சிதான். நான் சொன்னது ஃபீஸ். படிப்புக்கு ஆன செலவு அதுவல்ல.

போன மாதம் கேட்டவர் கொஞ்சம் விடாப்பிடியானவர். கோயம்புத்தூரில் பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடித்தவர், வயது முப்பத்திரண்டு, ஒரு குழந்தை. கணவர் ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறார், அவருக்கான ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஒப்புதலாகிவிட்டதால் இவருக்கு ஈஏடி எனப்படும் வேலை அனுமதி கையில் இருக்கிறது. ஒரு அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி மாதிரியான வேலை. பக்கத்து ஊரில் ஒரு தனியார் கல்லூரி, ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்குப் பதினாறே மாதத்தில் பி.எஸ்.என். எனப்படும் நர்ஸிங் இளங்கலைப் பட்டம் தருகிறேன் என்கிறது, ஃபீஸ் 80,000 டாலர். "எது சரி, அக்கா?" என்றார். வீட்டுக்கு வரச் சொல்லி, சமையலறை மேஜையில் பேப்பரை வைத்துக் கணக்குப் போட்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், சாக்ரமென்டோ பக்கம். வேறு மாநிலத்தவர்கள் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், வழிமுறை அதேதான்.

முதலில் எல்லோரும் கேட்கும் ஃபீஸ். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் உள்ளூர்வாசிக்கு ஒரு யூனிட், அதாவது பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு, 46 டாலர். 2012-இலிருந்து இதே விலைதான். இந்த ஊரில் இத்தனை வருடம் விலை ஏறாத இன்னொரு பொருளை நான் பார்த்ததில்லை. அனாடமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி, ஸ்டாடிஸ்டிக்ஸ், ஆங்கிலம் என்று முன்கூட்டியே முடிக்க வேண்டிய பாடங்களையும் சேர்த்தால் ஏ.டி.என். எனப்படும் இரண்டு வருட நர்ஸிங் அசோசியேட் பட்டத்துக்குச் சுமார் 90 யூனிட் ஆகும். 4,140 டாலர். புத்தகம், யூனிஃபார்ம், ஸ்டெதஸ்கோப், தடுப்பூசிகள், பின்னணிச் சோதனை, கிளினிக்கல் எனப்படும் மருத்துவமனைப் பயிற்சிக்குப் போய்வரும் பெட்ரோல், கடைசியில் லைசென்ஸ் விண்ணப்பம், என்க்ளெக்ஸ் என்ற லைசென்ஸ் தேர்வுக்கு 200 டாலர். எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துக்குள் அடங்கிவிடும்.

ஆனால் 'உள்ளூர்வாசி' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் இந்த மாநிலத்தில் குடியிருந்ததைக் காட்டினால் ஹெச்1பி-காரரின் துணைக்குத் தரும் ஹெச்4 விசாவில் இருப்பவருக்கும் அந்த விலை கிடைக்கும். மாணவர் விசாவான எஃப்1-இல் இருப்பவருக்குக் கிடைக்காது. வெளியூர்க் கட்டணம் பல மடங்கு. அப்புறம், பெல் கிரான்ட் என்று சொல்வார்களே, அரசு தரும் உதவித்தொகை, 2024-25-இல் அதிகபட்சம் 7,395 டாலர். அது பெரும்பாலும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். கிரீன் கார்டு கைக்கு வந்த குறைந்த வருமானக் குடும்பத்துக்கு இந்தப் படிப்பு ஏறக்குறைய இலவசமாகவே முடிந்துவிடும்.

சரி, சம்பளம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 மே கணக்குப்படி, நாடு முழுவதும் ஆர்.என். எனப்படும் பதிவு பெற்ற நர்ஸ்களின் நடுத்தர ஆண்டுச் சம்பளம் 93,600 டாலர். அதாவது பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ். மாநிலத்துக்கு மாநிலம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்: 2023 மே கணக்கில் கலிஃபோர்னியாவின் சராசரி 1,37,690 டாலர், தெற்கு டகோட்டாவில் 69,030. டெக்சாஸ் சுமார் 90,000. கலிஃபோர்னியா எண்ணைப் பார்த்ததும் யாரும் துள்ளிக் குதிக்க வேண்டாம். வீட்டு வாடகை அதில் பாதியைத் தின்றுவிடும். இருபது வருட அனுபவம் உள்ளவர்களும் இரவு ஷிஃப்ட், ஓவர்டைம் பார்ப்பவர்களும் சேர்ந்த சராசரி அது. புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் அங்கே தொடங்குவதில்லை.

இந்த எண்களை ஏ.டி.என்., பி.எஸ்.என். என்று அந்தத் துறை பிரித்துத் தருவதில்லை. காரணம் எளிது: இரண்டு பேரும் எழுதுவது ஒரே என்க்ளெக்ஸ் தேர்வு, வாங்குவது ஒரே லைசென்ஸ். ஒரே வார்டில் ஒரே நோயாளிக்கு மருந்து கொடுக்கும் இருவருக்கும் பல மருத்துவமனைகளில் யூனியன் போட்ட ஒரே சம்பள அட்டவணைதான். பட்டத்துக்காகக் கூடுதலாகத் தரும் இடங்களிலும் மணிக்கு ஒன்றிரண்டு டாலரைத் தாண்டிப் பார்த்ததில்லை. அப்படியானால் எண்பதாயிரம் டாலர் எதற்கு என்று தோன்றுகிறதல்லவா? அவருக்கும் தோன்றியது. அதற்குள் பேனாவை மூடப் போனார். "இருங்க, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றேன்.

அந்த ஒன்று, காத்திருப்பு.

நான் 2013-இல் முன்பாடங்களைத் தொடங்கினேன். 2014 கோடையில் எல்லாம் முடிந்து, எல்லாவற்றிலும் ஏ வாங்கி, நர்ஸிங் பிரிவுக்கு விண்ணப்பித்தேன். அந்தக் கல்லூரியில் அப்போது குலுக்கல் முறை. தகுதியுள்ளவர்கள் பெயரையெல்லாம் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். நம்மூர் கோயில் திருவிழாவில் குத்துவிளக்கு பரிசு விழுகிற மாதிரி. எனக்கு மூன்று முறை விழவில்லை. நாலாவது முறை, 2016-இல் இடம் கிடைத்தது. 2018-இல் முடித்தேன். எட்டாயிரம் டாலர் படிப்பு, ஐந்து வருடம். அந்த ஐந்தில் இரண்டு, வீட்டில் உட்கார்ந்து மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தது.

இந்த இரண்டு வருடத்துக்கு என்ன விலை? அந்தச் சனிக்கிழமை எங்கள் கணக்கின் முதுகெலும்பு இதுதான். எளிதாக இருக்க, புது நர்ஸுக்கு முதல் வருடம் ஒரு லட்சம் டாலர், வரி போகக் கைக்கு 70,000 என்று வைத்துக்கொண்டோம். முன்பாடங்களுக்கு இரண்டு வழியிலும் ஒரு வருடம்.

தனியார் கல்லூரி வழி: ஒரு வருடமும் பதினாறு மாதமும், ஆக இரண்டு வருடம் நாலு மாதம். 80,000 டாலரைக் கடன் வாங்கி, 8 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 970 டாலர். மொத்தம் 1,16,000-ஐத் தாண்டும்.

கம்யூனிட்டி காலேஜ் வழி: இடம் உடனே கிடைத்தால் மூன்று வருடம், 8,000 டாலர். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஆன்லைனில் பி.எஸ்.என். ஆக்கிக்கொள்ள இன்னொரு 10,000. மொத்தம் 18,000.

இரண்டுக்கும் பண வித்தியாசம் 98,000. கால வித்தியாசம் எட்டு மாதம், அதாவது கைக்கு வராமல் போகும் சம்பளம் சுமார் 47,000. கம்யூனிட்டி காலேஜ் ஐம்பதாயிரம் டாலர் லாபம். சந்தேகமே இல்லை.

இப்போது என் கதையை அதில் போட்டோம். இரண்டு வருடக் காத்திருப்பு. கால வித்தியாசம் இரண்டு வருடம் எட்டு மாதமாகிறது. இழந்த சம்பளம் 1,87,000 டாலர். தலைகீழாகிவிட்டது! எண்பதாயிரம் டாலர் கேட்கும் கல்லூரி கிட்டத்தட்ட தொண்ணூறாயிரம் மலிவு. காத்திருப்பு ஒன்பது மாதத்தைத் தொட்டாலே தராசு சாய்ந்துவிடுகிறது என்று கணக்கு சொன்னது. அந்தப் பேப்பரைப் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கே வயிறு கலங்கியது. இத்தனை நாள் எல்லோரிடமும் "எட்டாயிரத்துல முடிச்சேன்" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தவள் நான்.

ஆனால் என் காலத்துக்கு அந்த விலை இருந்ததா? 2015 மே மாதம் வரை ஹெச்4-இல் இருப்பவர்களுக்கு வேலை அனுமதியே கிடையாது. அதற்குப் பிறகும் பெரும்பாலும் ஐ-140 ஒப்புதலான குடும்பங்களுக்குத்தான். எனக்கு அனுமதி வந்தது 2017-இல். அதற்கு முன்னால் நர்ஸாகியிருந்தாலும் லைசென்ஸை ஃப்ரேம் போட்டு மாட்டிவைத்துப் பார்த்திருக்கலாம், சம்பளம் வந்திருக்காது. என்னுடைய இரண்டு வருடக் காத்திருப்பின் சந்தை விலை அவ்வளவு இல்லை. அதனால் எனக்கு 46 டாலர் யூனிட்தான் சரியான முடிவு. அதே காத்திருப்பு, வேலை அனுமதி உள்ள இன்னொருவருக்கு 1,40,000 டாலர்.

எனவே ஃபீஸ் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் ஒரு மாதம் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். என்னிடம் கேட்ட கோயம்புத்தூர்க்காரருக்கு இப்போதைய வேலையில் வருடத்துக்கு 40,000 கைக்கு வருகிறது. காத்திருக்கும் காலத்தில் அது நிற்காது. அப்போது ஒவ்வொரு மாதக் காத்திருப்பும் 2,500 டாலர்தான் இழப்பு. அந்த ஐம்பதாயிரம் லாபம் கரைய இருபது மாதம் ஆகும், அதுவரை கம்யூனிட்டி காலேஜ் தாங்கும். கணவரின் ஐ-140 இன்னும் ஆகாதவருக்குக் கணக்கு வேறு. அவருக்கு ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: ஆர்.என். வேலைக்குப் பட்டப்படிப்பு குறைந்தபட்சத் தகுதி இல்லை என்பதால் சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்கு ஹெச்1பி பொதுவாகக் கிடைக்காது. கிரீன் கார்டுக்கு நர்ஸ்களை ஷெட்யூல் ஏ என்ற தனிப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள், தொழிலாளர் துறைச் சான்று தேவையில்லை. ஆனாலும் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஈபி-3 என்ற வேலைவழி கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று உங்கள் வீட்டிலேயே ஒருவருக்குத் தெரிந்திருக்கும். படிப்புக்குப் பணம் கட்டும் முன் வேலை அனுமதிக்கான வழியைப் பார்த்துவிடுங்கள்.

"கம்யூனிட்டி காலேஜ் டிகிரிக்கு இனிமே மதிப்பு இருக்காதாமே?" என்று அடுத்த கேள்வி வந்தது. இது எனக்குப் பிடித்த கேள்வி. ஏ.டி.என். பிறந்த கதையிலேயே இதற்கான விதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நர்ஸ் தட்டுப்பாடு தலைவிரித்தாடியபோது, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் இருந்த மில்ட்ரெட் மான்டாக் இரண்டு வருடத்தில் நர்ஸ்களை உருவாக்கலாம் என்று எழுதினார். 1952-இல் சில கல்லூரிகளில் சோதனையும் தொடங்கியது. அவர் நினைத்தது பட்டதாரி நர்ஸுக்கு ஒரு படி கீழே நிற்கும் தொழில்நுட்ப நர்ஸை. நடந்தது வேறு. அவர்களும் அதே லைசென்ஸ் தேர்வை எழுதித் தேறினார்கள். அன்றிலிருந்து சண்டைதான். 1965-இல் அமெரிக்க நர்ஸுகள் சங்கம் பட்டப்படிப்புதான் நுழைவுத் தகுதியாக வேண்டும் என்றது. வடக்கு டகோட்டா அதை விதியாகவே கொண்டுவந்து, 2003-இல் கைவிட்டது. 2010-இல் வந்த ஒரு பெரிய அறிக்கை, 2020-க்குள் நர்ஸ்களில் 80 சதவீதம் பேர் பி.எஸ்.என். வாங்கியிருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது, எட்டவில்லை. நியூயார்க் மட்டும் 2017-இல் ஒரு நடுவழிச் சட்டம் போட்டது: ஏ.டி.என்.னோடு வேலையில் சேரலாம், பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடிக்க வேண்டும். ஆக, அறுபது வருடமாகச் சாகப்போகிறது என்று சொல்லப்படும் படிப்பு இது.

அதற்காக மதிப்பு குறையவில்லை என்று சொல்லமாட்டேன். பட்டம் கை கொடுப்பது சம்பளச் சீட்டில் அல்ல, முதல் வேலையில். பெரிய நகரங்களின் பெரிய மருத்துவமனைகள் புது நர்ஸுக்கான விளம்பரத்திலேயே பி.எஸ்.என். என்று போட்டுவிடும். நர்ஸிங் தரத்துக்கான மேக்னெட் என்ற அங்கீகாரம் வாங்கிய மருத்துவமனைகளில் நர்ஸ் மேனேஜர்களுக்குப் பட்டம் கட்டாயம். அந்த ஆசை கீழ்வரை பரவிவிடுகிறது. நான் 2018-இல் நாற்பதுக்கு மேல் விண்ணப்பம் போட்டேன். ஒரு மருத்துவமனையில் நேர்காணல் வரை போய், "பி.எஸ்.என். எப்போ முடிப்பீங்க?" என்ற கேள்வியோடு திரும்பினேன். கடைசியில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் எட்டு மாதம். ஒரு நர்ஸுக்கு அங்கே எத்தனை பேர் என்று எண்ணினால் தூக்கம் வராது. மருத்துவமனைகளில் கலிஃபோர்னியா சட்டப்படி சாதாரண வார்டில் ஒரு நர்ஸுக்கு ஐந்து நோயாளிகளுக்கு மேல் கொடுக்கக்கூடாது. அந்தச் சட்டம் முதியோர் இல்லத்து வாசலில் நின்றுவிடும். அந்த எட்டு மாத அனுபவத்தைக் காட்டித்தான் இப்போதைய மருத்துவமனைக்குள் நுழைந்தேன். பி.எஸ்.என். படிப்பை அவர்கள் காசிலேயே முடித்தேன். முதலாளி தரும் படிப்புதவியில் வருடத்துக்கு 5,250 டாலர் வரை வரி கிடையாது என்பதால் பல மருத்துவமனைகள் அந்த அளவில் தருகின்றன.

பப்ளிக் ஹெல்த் நர்ஸ், ஸ்கூல் நர்ஸ் ஆக ஆசை இருந்தால் கலிஃபோர்னியாவில் பட்டம் இல்லாமல் முடியாது. நர்ஸ் பிராக்டிஷனர் பக்கம் போகிறவர்களுக்கும் அப்படியே. ஆனால் இவையெல்லாம் பிற்பாடு ஏறும் படிகள், முதல் நாளே எண்பதாயிரம் கட்டி ஏற வேண்டியதில்லை.

மற்ற வழிகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மாநிலப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்.என். சீட் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், சேர்ந்துவிடுங்கள். 2025-26-இல் கால் ஸ்டேட் எனப்படும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அடிப்படைக் கட்டணம் வருடத்துக்கு 6,450 டாலர்தான். ஆனால் அந்த சீட்டுக்கு இருக்கும் போட்டியை அறிந்தவர்கள் அதை நம்பித் திட்டம் போடமாட்டார்கள். எல்.வி.என். எனப்படும், ஆர்.என்.னுக்கு ஒரு படி கீழான நர்ஸ் படிப்பு ஒன்று, ஒன்றரை வருடத்தில் முடியும். 2024 மே கணக்கில் நடுத்தரச் சம்பளம் 62,340. உடனே காசு தேவைப்படுகிறவருக்கு நல்ல நடுப்படி, அங்கேயே தங்கிவிடாமல் இருந்தால். ஊரிலேயே பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்துவிட்டு வந்தவர்கள் இந்தக் கட்டுரையையே படிக்க வேண்டாம்! சான்றிதழ் மதிப்பீட்டை முடித்து நேரே என்க்ளெக்ஸ் எழுதப் பாருங்கள். சென்னையிலேயே தேர்வு மையம் இருக்கிறது.

சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் பெயர் தெரியாத கல்லூரிகள் பற்றி ஒரு வார்த்தை. 2023 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் மூன்று நர்ஸிங் பள்ளிகள் 7,600-க்கும் மேற்பட்ட போலிப் பட்டங்களை விற்றதாக மத்திய அரசு வழக்குப் போட்டது. அந்தப் பட்டங்களை வைத்துத் தேர்வெழுதி வேலைக்குச் சேர்ந்தவர்களின் லைசென்ஸ்களைப் பல மாநிலங்கள் தேடித் தேடிப் பிடுங்கின. நம்மவர்கள் பார்க்கும் கல்லூரிகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை அல்ல, ஆனாலும் மாநில நர்ஸிங் போர்டின் தளத்தில் அந்தக் கல்லூரி பெயரையும் அதன் என்க்ளெக்ஸ் தேர்ச்சி விகிதத்தையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நாட்டு அளவில் 2024-இல் அமெரிக்காவில் படித்தவர்களில் முதல் முறையிலேயே தேறியவர்கள் சுமார் 91 சதவீதம். உங்கள் கல்லூரி எழுபதில் நின்றால் ஃபீஸ் எவ்வளவாயினும் விலை அதிகம்.

பதினாறு மாதப் படிப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு, அதை அவரிடம் அழுத்தியே சொன்னேன். வாரம் முழுக்க வகுப்பும் கிளினிக்கலும். காலை ஆறே முக்காலுக்கு வார்டில் நிற்க வேண்டும், பெரும்பாலான டே கேர்கள் ஆறு மணிக்குத் திறப்பதில்லை. இடையில் ஒரு பாடம் போனால் அடுத்த பேட்ச் வரை வெளியே. பாதி ஃபீஸ் கடனாகத் தலையில், கையில் பட்டம் இல்லை. கம்யூனிட்டி காலேஜிலும் கிளினிக்கல் அதே ஆறே முக்கால்தான்; ஆனால் அங்கே தவறினால் போவது சில நூறு டாலர்.

கடைசியில் காத்திருப்பைக் குறைக்க வழி உண்டா என்று தேடினோம். இப்போது பல கல்லூரிகள் குலுக்கலை விட்டுவிட்டுப் புள்ளி முறைக்கு வந்திருக்கின்றன: முன்பாட மதிப்பெண், டீஸ் என்ற நுழைவுத் தேர்வு, ஏற்கெனவே உள்ள பட்டம், நர்ஸிங் உதவியாளர் போன்ற அனுபவம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. அந்தப் பட்டியலில் ஆங்கிலம் தவிர வேறு மொழி தெரிந்திருப்பதற்கும் இடம் இருக்கிறது. கலிஃபோர்னியா சட்டத்தில் இந்தியத் துணைக்கண்டத்து மொழிகள் என்றே எழுதியிருக்கிறார்கள். "தமிழுக்கு மார்க்கா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பையன் எழுந்துவிட்டான்.

பக்கத்தில் உள்ள நாலு கல்லூரிகளின் புள்ளிக் கணக்கையும் வைத்துப் பார்த்தோம். இரண்டில் அவருக்கு ஒரு வருடத்துக்குள் இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு இருந்தது. இருபது மாதக் கோட்டுக்குள். அடுத்த நாளே ஆலோசகரிடம் நேரம் வாங்கினார். பொதுப் பாடங்களுக்கு அவருடைய கோயம்புத்தூர் பட்டம் போதுமாம். மைக்ரோபயாலஜி மட்டும் திரும்ப எடுக்க வேண்டும்; அறிவியல் பாடங்கள் ஏழு வருடத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்பது அந்தக் கல்லூரி விதி. மைக்ரோபயாலஜி பட்டதாரி, ஆகஸ்டிலிருந்து செவ்வாய், வியாழன் மாலைகளில் மைக்ரோபயாலஜி லேபுக்குப் போகிறார். ஐந்து யூனிட், 230 டாலர்.